பத்தாம் நம்பர் செருப்பு

என் வீட்டு வாசலில் ஆண்கள் போடும் செருப்பு ஒரு ஜோடி எப்போதும் கிடக்கும். பழுப்பு நிறம், பத்தாம் நம்பர். என்னை விட்டுப் போன மனிதருக்கு எட்டாம் நம்பர்தான். அவர் இப்போது ஜொகூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார். எங்களுக்கு விவாகரத்தும் ஆகிவிட்டது. போகும்போது தன் செருப்பை மறக்காமல் மாட்டிக்கொண்டுதான் போனார். இந்தப் பத்தாம் நம்பரை நானே பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தேடி வாங்கினேன். "வீட்டுக்காரருக்கா அக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமா, நல்ல ஒசரமான ஆளு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்படி ஓர் ஆள் கிடையாது. கிள்ளானில் மலிவு வாடகை ஃப்ளாட் ஒன்றின் நாலாவது மாடியில் நானும் என் மகள் லோஷினியும் மட்டும்தான் இருக்கிறோம். என் பெயர் தாமரை. தெலுக் பங்லிமா காராங்கில் ரப்பர் கையுறை செய்யும் ஃபேக்டரியில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறுவாரம் மாலை ஷிஃப்ட். மாலை ஷிஃப்ட் வந்தால் லோஷினி வீட்டில் தனியாகத்தான் இருப்பாள்.

நாங்கள் குடிவந்த புதிதில் கீழே கேட்டில் ஒரு கார்டு உட்கார்ந்திருப்பார். காரிடாரில் விளக்கு எரியும். பிறகு, செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றார்கள். கார்டு போய்விட்டார், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். காரிடார் பல்புகள் ஒவ்வொன்றாகப் போயின. மாற்றிப் போட ஆள் வரவில்லை. அதே சமயத்தில்தான், நான் வேலையில் இருந்த ஒரு சாயங்காலம், எவனோ எங்கள் கதவுப் பிடியைத் திருகியிருக்கிறான். தட்டவில்லை, கூப்பிடவில்லை, திருகிக்கொண்டே நின்றிருக்கிறான். லோஷினி அப்போது நாலாம் வகுப்பு. நான் வந்து பார்த்தபோது குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் குரலைக் கேட்டும் உடனே திறக்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு ஹலீமாக்காதான் வழி சொன்னார். அவரும் புருஷனைப் பிரிந்தவர். முர்தபா ரொட்டி போட்டு விற்றுப் பிழைக்கிறார்.

"வாசல்ல ஆம்பள சிலிப்பர் கெடக்கணும் தாமரை. நம்மள மாதிரி வீட்டுக்கு அதான் கார்டு. என் வாசல்ல பூட்ஸ் கெடக்கே, யாரோடதுன்னு நெனச்ச?"

"உங்க தம்பியோடதுன்னு நெனச்சேன்க்கா."

"எனக்கு ஏது தம்பி? பழைய சாமான் கடையில வாங்கினது லா!"

அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது. எங்கள் புளோக்கில் பெண்கள் தனியாக இருக்கிற வாசல்களில் எல்லாம் இப்படி ஏதோ ஒன்று கிடந்தது. வாங்கிப் போட்டால் மட்டும் போதாது, அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. செருப்பு ஒரே இடத்தில் கிடந்தால் வருகிறவன் கண்டுகொள்வான். ஆகவே தினமும் இடம் மாற்ற வேண்டும். மழை பெய்தால் நனைத்து வைக்க வேண்டும். கொடியில் ஆண் சட்டை ஒன்று தொங்க வேண்டும். சாப்பாடு கொண்டுவரும் ரைடர் வந்து நின்றால், காலி அறையைப் பார்த்து, "என்னங்க, சாப்பாடு வந்திருச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும்.

என் வீட்டு ஆளுக்கு ஹலீமாக்கா 'துரை' என்று பேர் வைத்தார். "துரை எந்திரிச்சிட்டாரா?" என்று காலையில் விசாரிப்பார். "விடிய விடிய காவல் காத்துட்டு இப்பதான் படுத்தாரு" என்பேன். சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது, கட்டின புருஷனைவிட இந்தத் துரை எவ்வளவோ மேல். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பள நாளில் என் பையைத் துழாவ மாட்டார்.

லோஷினிக்கும் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தேன். நான் இல்லாத நேரத்தில் ஆம்பளைக் குரல் கதவைத் தட்டினால், யாராக இருந்தாலும் திறக்கக் கூடாது. உள்ளே இருந்தபடியே, "அப்பா தூங்குறாரு, அப்புறம் வாங்க!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். தமிழில், மலாயில், இங்கிலீஷில், மூன்றிலும் சொல்லிப் பழகினாள். ஆரம்பத்தில் குரல் நடுங்கும். போகப்போக, எனக்கே உள்ளே யாரோ தூங்குகிறார் என்று தோன்றும் அளவுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு யாரும் எங்கள் கதவைத் திருகவில்லை.

இப்படி நிம்மதியாக இருந்த காலத்தில்தான் புது விதி வந்தது.

எங்களுக்கு வீடு கிடைத்தது தனித்து வாழும் தாய் என்ற கணக்கில். வாடகையில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. இனிமேல் அந்தச் சலுகை உண்மையாகவே தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். வீட்டில் சம்பாதிக்கும் வயதுள்ள ஆண் ஒருவர் இருந்தால் சலுகை ரத்து. வீட்டையும் காலி செய்ய வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்ப்பார்கள் என்றும் சொன்னார்கள். இதைக் கேட்டபோது நான் கவலையே படவில்லை. நம் வீட்டில்தான் ஆண் இல்லையே, வந்து பார்க்கட்டும் என்று இருந்தேன். புத்தி எங்கே போயிற்றோ! வாசலில் கிடந்த துரை அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவே இல்லை. தினமும் தாண்டிப் போகிற பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நான் காலை ஷிஃப்டில் இருந்த ஒரு நாள் அவர்கள் வந்தார்கள். பள்ளி விடுமுறை என்பதால் லோஷினி வீட்டில் இருந்தாள். இப்போது அவளுக்குப் பதினாறு வயது, நாலாம் பாரம், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கதவு தட்டும் சத்தம். ஆண் குரல் ஒன்று மலாயில், "வீட்டில் யார் இருக்கிறீர்கள்? அதிகாரிகள் வந்திருக்கிறோம்" என்றது. போலி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதிகாரி என்று சொல்லி வீடு புகுந்தவர்கள் கதை ஊரில் எத்தனையோ கேட்டிருக்கிறோம். பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்பா தூங்குறாரு, அப்புறம் வாங்க!" என்று மலாயிலேயே கத்தினாள்.

அவர்கள் செருப்பைப் படம் பிடித்தார்கள். கொடியில் தொங்கிய சட்டையைப் படம் பிடித்தார்கள். பெண் சொன்னதை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சலுகை ரத்து, வீட்டைக் காலி செய்ய வேண்டும், ஆட்சேபணை இருந்தால் கோலாலம்பூருக்கு வந்து சொல்லலாம். வெளியில் வாடகைக்கு வீடு பார்ப்பது என்றால் என் சம்பளம் வாடகைக்கே போதாது. அதை நான் லோஷினியிடம் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும்.

"என்னாலதாம்மா," என்று அழுதாள். "நான் வாய மூடிட்டு இருந்திருந்தா..."

"வாய மூடிட்டு இருந்திருந்தா அடி வாங்கியிருப்ப. நீ சொன்னது சரி. நான் சொல்லிக் குடுத்ததத்தான சொன்ன?"

"ஆனா வீடு போகுதே."

"போகட்டும் பாப்போம். எப்படிப் போகுதுன்னு நானும் பாக்குறேன்."

வாயால் அப்படிச் சொன்னேனே தவிர, களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தேன். பயம் எனக்கும் இருந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் சிவநேசன் மறுநாளே வீடு தேடி வந்தார். கெட்டவர் இல்லை. யாருக்கு எந்த ஆபீஸில் யாரைத் தெரியும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருக்கும். எல்லா விஷயத்துக்கும் அவரிடம் ஒரு குறுக்குவழி உண்டு.

"தங்கச்சி, கவலப்படாத. பேசிட்டேன். ஒரு கையெழுத்து, அவ்ளோதான். பொண்ணு அதிகாரிங்கள ஏமாத்திருச்சு, தப்புதான், மன்னிச்சிருங்கன்னு எழுதிக் குடுத்துரு. சிலிப்பரயும் சட்டையயும் எடுத்து உள்ள வச்சிரு. வீடு திரும்பக் கெடைச்சிரும்."

"யார ஏமாத்திச்சு அண்ணே?"

"அட, ஒரு வார்த்தை லா. எழுதுறதுக்குத்தான்."

"அவ பேரு வருமா அதுல?"

"பேரு இல்லாம எப்படி?"

"அப்போ அரசாங்க ஃபைல்ல, இந்தப் பொண்ணு ஏமாத்துக்காரின்னு இருக்கும். அதுக்கு அவளோட அம்மாவே கையெழுத்து. நல்லா இருக்குண்ணே."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "வீம்பு வீட்டுக்கு உதவாது தாமரை. நாள் இருக்கும்போதே முடிவு பண்ணு" என்று எழுந்து போனார். வாசலில் தன் தோல் சப்பாத்தை மாட்டும்போது துரையின் செருப்பை அவர் ஒதுக்கித் தள்ளியதைப் பார்த்தேன். அந்தத் தள்ளலில் எனக்கு முடிவு வந்துவிட்டது. கையெழுத்துப் போட மாட்டேன்.

ஹலீமாக்காவிடம் சொன்னபோது அவர் முர்தபா மாவை அறைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"என்னிக்குப் போகணும்?"

"வெள்ளிக்கெழமைக்கா."

"நானும் வரேன். பூட்ஸ் போட்டுக்கிட்டு வரேன்."

"அக்கா, உங்க வாசல்ல கெடக்குறது தெரிஞ்சா உங்க வீடும் போயிரும்."

"உன் வீடு போனா அடுத்து என் வீடுதான். எப்படியும் வருவாங்க. அவங்க வர்றதுக்குள்ள நம்மளே போயிருவோம் லா."

நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்பது இரண்டாவது மாடி நல்லம்மாள் காதுக்குப் போயிற்று. அங்கே போனால் ஊர் முழுக்கப் போனது போலத்தான். வெள்ளிக்கிழமை காலை கிள்ளான் ஸ்டேஷனில் பார்த்தால் எங்கள் புளோக்குப் பெண்கள் ஒரு கும்பலாக நிற்கிறார்கள். ஒவ்வொருத்தி காலிலும் ஓர் ஆண் செருப்பு, இல்லாவிட்டால் ஆண் சப்பாத்து. நான் துரையைப் போட்டிருந்தேன். குதிகாலுக்குப் பின்னால் மூன்று விரல் அளவு செருப்பு மிச்சம். ஹலீமாக்கா உள்ளே துணி அடைத்து பூட்ஸ் மாட்டியிருந்தார்.

"ரகசியம் வெளிய வந்துட்டா நாளைக்கு எந்தத் திருடன் பயப்படுவான்?" என்று ஒருத்தி தயங்கினாள்.

"திருடன் ஆபீசுக்கு வர மாட்டான்டி" என்றார் நல்லம்மாள். "வந்தாலும் மேசைக்கு அந்தப் பக்கம்தான் ஒக்காந்திருப்பான்." கொமுட்டர் ரயில் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம்.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸ் வழியாக நடந்தோம். பூக்கடைக்காரர்கள் தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நடக்கும்போது செருப்பு அடிக்கிற சத்தம் எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் கூச்சம் போய்விட்டது. அலுவலகம் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. என்னை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். "நாங்க இங்கதான் நிக்கிறோம்" என்று ஹலீமாக்கா காவலாளியிடம் சொல்லிவிட்டுக் கதவருகே பூட்ஸ் காலை ஊன்றி நின்றுகொண்டார்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். நடுவில் பெரிய அதிகாரி, வயதான மலாய்க்காரர், பொறுமையான முகம். பக்கத்தில் ரிஸ்வானா என்று பெயர்ப் பலகை வைத்திருந்த ஒரு பெண் அதிகாரி. தமிழ் முஸ்லிம், எனக்கு மொழிபெயர்க்கவும் அவர்தான். சிரிப்பே இல்லாத முகம். ஓரத்தில் நின்றவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்த இருவரில் ஒருவர். பாலன் என்று பெயர், நம் ஆள். தமிழ் வீட்டில் பிறந்தவருக்கு இந்தச் செருப்பின் சூட்சுமம் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சுவரில் படத்தைக் காட்டினார்கள். துரையின் செருப்பு கதவளவு பெரிதாகத் தெரிந்தது. அடுத்து சட்டை. அடுத்து என் மகள் சொன்ன வாக்கியம், எழுத்தில்.

"இதில் எது பொய்?" என்று பெரியவர் கேட்டார்.

"படம் நெசம். ஆளு பொய்" என்றேன். மலாயில்தான் ஆரம்பித்தேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். ரிஸ்வானா ஒவ்வொரு வாக்கியமாக மாற்றிச் சொன்னார்.

காலில் இருந்த செருப்பைக் கழற்றி மேசைக்கு முன்னால் வைத்தேன். அதில் என் கால் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று காட்டினேன்.

"அந்தச் சட்டை?" ரிஸ்வானாவின் கேள்வி வெட்டியது. "அது கொடியில ஈரமா இருந்துச்சுன்னு ரிப்போர்ட்ல இருக்கு. போடாத சட்டைய ஏன் தொவைக்கணும்?"

அந்தக் கேள்விக்காகவே அதை மடித்துப் பையில் கொண்டு போயிருந்தேன். எடுத்து விரித்தேன். "தொவைக்கல மேடம், நனைச்சுப் போடுவேன். காஞ்ச சட்ட நாள் கணக்கா தொங்கினா பாக்குறவனுக்குத் தெரிஞ்சிராதா? வெயில் பட்டு தோள்பட்ட எப்படி வெளுத்திருக்கு பாருங்க. இப்போ காலரப் பாருங்க. அழுக்கு இருக்கா? கழுத்துன்னு ஒண்ணு இதுக்குள்ள போயிருந்தா காலர் இப்படியா இருக்கும்?"

அவர் சட்டையை வாங்கினார். காலரை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு பெரியவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பெரியவர் ஒரு தாளை என் முன்னால் தள்ளினார். சிவநேசன் சொன்ன அதே தாள்தான். "இதில் கையெழுத்துப் போடுங்கள். மகள் தவறான தகவல் கொடுத்து அதிகாரிகளை ஏமாற்றினாள். இனி ஏமாற்றும் பொருள்களை வாசலில் வைக்கமாட்டீர்கள். நாங்களும் வழக்கை முடித்துக்கொள்கிறோம். உங்களுக்கு நல்லது."

வீடு அந்தத் தாளில் இருந்தது. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. பேனாவையும் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.

நான் பாலன் பக்கம் திரும்பினேன். "தம்பி, ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு ஏன் உள்ள வரல?"

அவர் விழித்தார். "எப்படி வர்றது? வீட்டுல ஆம்பள தூங்குறாருன்னு பாப்பா சொல்லிருச்சே."

"சிலிப்பரப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"ஆம்பள இருக்காருன்னு நம்பினீங்க. கதவுல இன்னொரு தட்டுகூடத் தட்டல. திரும்பிப் போயிட்டீங்க."

"ஆமா."

"அதுக்குத்தான் தம்பி அந்த சிலிப்பர். அதுக்காகத்தான் அந்த வார்த்த. உங்கள மாதிரி ரெண்டு ஆம்பளைங்க வந்து நின்னா, தனியா இருக்குற பொண்ணுகிட்ட வராம திரும்பிப் போகணும். போனீங்களா இல்லயா? என் பொண்ணு ஏமாத்தல. அவளக் காப்பாத்த ஆளு இல்ல, அவளே காப்பாத்திக்கிட்டா."

ரிஸ்வானா மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்தார். நான் நிறுத்தவில்லை.

"ஏமாத்தினது யாருன்னு கேக்குறீங்களா? கார்டு இருப்பாரு, லைட்டு இருக்கும்னு சொல்லித்தான் வீடு குடுத்தீங்க. செலவு ஜாஸ்தின்னு கார்ட எடுத்தது நீங்க. பல்பு போனப்ப கண்ண மூடிக்கிட்டது நீங்க. கார்டு ஒக்காந்திருந்த எடத்துல நான் ஒரு சிலிப்பர வச்சேன். இப்போ அந்த சிலிப்பரயும் எடுன்னு சொல்றீங்க. எடுக்குறேன். கார்டத் திருப்பிக் குடுங்க, இன்னிக்கே எடுக்குறேன். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன். எம்பொண்ணு பேர எழுதி இதுல கையெழுத்தும் போட மாட்டேன்."

தாளை அந்தப் பக்கம் தள்ளினேன். பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பெரியவர் அந்தச் சட்டையை இழுத்துக் காலரைத் தானும் ஒருமுறை பார்த்தார். வெளியே பெண்கள் சளசளவென்று பேசுவது கேட்டது. கடைசியில், "மறுபடியும் சோதனை நடக்கும். எப்போது என்று சொல்ல மாட்டோம். அப்போதும் இதே பதில் வந்தால், அதற்கு மேல் நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்.

"ஆம்பளய அனுப்பினா அதே பதில்தான் வரும் துவான்" என்று மலாயிலேயே சொன்னேன். "கதவு தொறக்கணும்னா பொம்பளய அனுப்புங்க." செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன். நடக்கும்போது அது வழக்கத்தைவிடச் சத்தமாக அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாள்கள்தான் கொடுமை. அலுவலகத்தில் வாய் கிழியப் பேசிவிட்டு வந்தாயிற்று. ராத்திரி படுத்தால் தூக்கம் இல்லை. ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும் என்று சிவநேசன் கண்ணில் படும்போதெல்லாம் சொன்னார். லோஷினியிடம் நான் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி வைத்தேன். "அவங்க வருவாங்க. நீ சொல்றத மாத்தாத. அதிகாரின்னு சொன்னாலும் சரி, யாருன்னு சொன்னாலும் சரி."

"வீடு போயிட்டா?"

"வீட்டுக்குப் பயந்து கதவத் தொறக்க ஆரம்பிச்சா, அப்புறம் அது என்ன வீடு?"

ஒரு சனிக்கிழமை காலை வந்தார்கள். எனக்கு லீவு. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கதவு தட்டியது.

"அதிகாரிங்க வந்திருக்கோம். வீட்டுல யாரு இருக்கீங்க?" பாலனின் குரல்தான். இந்த முறை தமிழில்.

லோஷினி என்னைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வாங்க தம்பி, உட்காருங்க, காப்பி சாப்பிடுங்க என்று சொல்லிவிடலாமா என்று எனக்குக் கால் துடித்தது. என் வீடு, என் மகள் படிக்கிற மேசை, நாலு சுவர், எல்லாம் அடுத்து வரும் ஒரு வாக்கியத்தில் இருந்தது. அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன். தலையை மட்டும் ஆட்டினேன், சொல் என்று.

"அப்பா தூங்குறாரு!" என்று லோஷினி கத்தினாள். நாலாம் மாடி முழுவதும் கேட்டிருக்கும். "அப்புறம் வாங்க!"

வெளியே ஏதோ முணுமுணுத்தார்கள். பிறகு சப்பாத்துக் காலடி ஒன்று படியிறங்கிப் போவது கேட்டது. போய்விட்டார்கள், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"அப்பாவ எழுப்ப வேணாம்மா." இது பெண் குரல். "நான் ரிஸ்வானா. அவர கீழ அனுப்பிட்டேன். நான் மட்டும்தான் நிக்கிறேன்."

லோஷினி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்து, உறுதி செய்துகொண்டு, சங்கிலியை எடுக்காமல் முதலில் கொஞ்சமாகத் திறந்தாள். பிறகு முழுவதும் திறந்தாள். அவர் உள்ளே வந்து அறையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், குளியலறையில் இருந்த இரண்டு பல்துலக்கிகளைப் பார்த்தார். முகத்தில் அதே கடுகடுப்பு. நின்றபடியே கையிலிருந்த கருவியில் எதையோ தட்டினார்.

"ஆம்பள யாரும் இல்லன்னு போட்டாச்சு. வீடு உங்களுக்குத்தான். பெரியவர்கிட்ட பேசியாச்சு, அந்தத் தாள்ல நீங்க கையெழுத்துப் போட வேண்டியதில்ல."

லோஷினி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் கேட்டேன். "கார்டு? காரிடார் லைட்டு?"

"எழுதியிருக்கேன். வருமான்னு என்னக் கேக்காதீங்க."

"வர்ற வரைக்கும் செருப்பு அங்கயேதான் கெடக்கும் மேடம்."

"கெடக்கட்டும்" என்றார்.

வெளியே போய்த் தன் சப்பாத்தை மாட்டிக்கொண்டவர் உடனே கிளம்பவில்லை. காலையில் வாசல் கூட்டிய லோஷினி துரையின் செருப்பு இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டி, நேராக வைத்திருந்தாள். ரிஸ்வானா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படி வைக்காதீங்க. எந்த ஆம்பள இவ்ளோ அழகா கழட்டி வைக்கிறான்?" காலால் ஒன்றைத் தள்ளி, மற்றொன்றைக் கவிழ்த்துப் போட்டார். தள்ளி நின்று பார்த்தார். "எங்க வீட்டு வாசல்ல இப்படித்தான் கெடக்கும்."

கவிழ்ந்து கிடந்த செருப்பையும் அவர் முகத்தையும் பார்த்தேன். பிறகு கேட்டேன். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன நம்பர் மேடம்?"

"ஒம்பது" என்றார், படியில் கால் வைத்தபடி. "அன்னிக்கு பாசார் மாலாம்ல பத்து முடிஞ்சிருச்சு."